மூன்றாவது முறையும் வந்தாரா? ஏழைகளின் மனநல ஆலோசனைக்கு நன்கொடை தருவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எட்டு வருடங்களுக்கு முன் எங்கள் குடியிருப்பில் ஏழெட்டுக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய் திரட்டினோம். வடசென்னையில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனம். சுற்றியுள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழும் பெண்களுக்கு இலவசமாகக் கவுன்சிலிங் தரப்போகிறோம், அதற்கு ஓர் அறை வேண்டும் என்று கேட்டார்கள். கொடுத்தோம். சுவருக்கு வெளிர்பச்சைச் சாயம் அடித்தார்கள், ஏ.சி. மாட்டினார்கள், சோபா வாங்கினார்கள், வாசலில் எங்கள் பெயர்களைப் பொறித்த பலகையும் வைத்தார்கள். திறப்பு விழாவில் குத்துவிளக்கு ஏற்றியது என் மனைவி. ஏழாவது மாதம் அந்தப் பக்கம் போனபோது அறை பூட்டிக் கிடந்தது. சாவி வாங்கித் திறந்தால், சோபாவின் மேல் பழைய செய்தித்தாள் கட்டுகள். ஆலோசகராக இருந்த பெண் வேலையை விட்டுப் போயிருந்தார். அவருக்குச் சம்பளம் மாதம் பதினான்காயிரம். அதிலும் இரண்டு மாதம் பாக்கி.

அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அறைக்குக் கேட்டார்கள், அறைக்குக் கொடுத்தோம். உள்ளே உட்கார்ந்து கேட்க ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு மாதாமாதம் சம்பளம் போக வேண்டும், பேச வருகிறவர் அன்றைய கூலியை விட்டுவிட்டு வர வேண்டும் என்பதையெல்லாம் எங்களில் ஒருவர்கூட யோசிக்கவில்லை. பெயர்ப்பலகையில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்பதை மட்டும் மூன்று பேர் சரிபார்த்தோம்.

அதற்குப் பிறகு பட்டும் கேட்டும் தெரிந்துகொண்டதைக் கீழே எழுதுகிறேன். மாதம் ஐந்நூறு ரூபாய் தருகிறவருக்கும் இது பொருந்தும், நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியைக் கையாள்கிறவருக்கும் பொருந்தும்.

முதல் படி: எந்தத் துயரத்துக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

‘மனநலம்’ என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன. மூன்றுக்கும் செலவு வேறு, ஆட்கள் வேறு, பலன் தெரிய ஆகும் காலமும் வேறு.

ஒன்று, அவசர நேரத்தில் காது கொடுப்பது. சென்னையில் 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ‘சினேகா’ இந்த வகை. தற்கொலை எண்ணத்தோடு அழைக்கிறவர் சொல்வதைப் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் கேட்கிறார்கள். கட்டணம் கிடையாது.

இரண்டு, தீவிர மனநோயோடு வாழ்கிறவர்களுக்கு நீண்டகாலத் துணை. டாக்டர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் தொடங்கிய ‘ஸ்கார்ஃப்’ மனச்சிதைவு நோய்க்கான சிகிச்சையிலும் ஆராய்ச்சியிலும் நாற்பது வருடங்களாக இருக்கிறது. வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993-இல் தொடங்கிய ‘பேனியன்’, தெருவில் திரிந்துகொண்டிருந்த மனநோயுற்ற பெண்களுக்கு அடைக்கலம் தருவதில் ஆரம்பித்தது. இங்கே ஒருவருக்கான செலவு மாதக் கணக்கில் முடியாது, வருடக் கணக்கில் போகும்.

மூன்றாவதுதான் நன்கொடையாளர்கள் கண்ணில் அதிகம் படாதது. தூக்கம் வராத, காரணமில்லாமல் அழுகை வருகிற, நெஞ்சு படபடக்கிற, ‘தலை பாரமாக இருக்கிறது டாக்டர்’ என்று மாத்திரைக்கு மாத்திரை மாறிக்கொண்டிருக்கிற சாதாரண மனிதர்களின் மனச்சோர்வும் பதற்றமும். பெங்களூருவில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் பன்னிரண்டு மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாடும் இருந்தது. வயது வந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் அப்போது இருந்தது. மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான சிக்கல்கள் உள்ளவர்களில் ஏறக்குறைய 85 சதவீதம் பேர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை. இவர்களில் பலருக்கு முதல் தேவை படுக்கை வசதியோ விடுதியோ அல்ல. ஆறேழு தடவை, ஒவ்வொரு தடவையும் முக்கால் மணி நேரம், குறுக்கே பேசாமல் கேட்கத் தெரிந்த ஒருவர்.

இந்த மூன்றாவதைப் பற்றித்தான் இனி பேசப் போகிறேன். மற்ற இரண்டும் முக்கியமில்லை என்பதல்ல. குறைந்த பணத்தில் அதிகம் பேரைத் தொடக்கூடியது இது. நாங்கள் ஏமாந்ததும் இதில்தான்.

இரண்டாம் படி: அரசு எதைத் தருகிறது என்று முதலில் பாருங்கள்

ஏற்கெனவே இலவசமாகக் கிடைப்பதற்கு உங்கள் பணத்தைக் கொட்ட வேண்டாம். மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் நடக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். மாத்திரைக்குப் பணம் இல்லை. 1794 வரை வேர் நீளும் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இன்று அரசு மனநல நிலையம். புறநோயாளிகள் நேரே போகலாம். ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஊர்ப்பெயரையே வசைச்சொல்லாக்கி வைத்த நகரம் இது என்பதால், போக வேண்டியவர் போவதில்லை என்பது வேறு கதை. தொலைபேசியில் 14416 இருக்கிறது. 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவை இது. தமிழிலும் பேசலாம், இருபத்து நான்கு மணி நேரமும். மாநிலத்தின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கிறது. இலங்கையில் இருப்பவர்களுக்கு அங்குள்ள தேசிய மனநல உதவி எண் 1926.

அப்படியானால் குறை எங்கே? நேரத்தில். 2019-இல் வந்த ஓர் ஆய்வின்படி நாட்டில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூடக் கிடையாது, 0.75 பேர். புறநோயாளிகள் பிரிவில் ஒரு மருத்துவர் முன் நிற்கும் வரிசையைப் பார்த்தால், ஒருவருக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கினாலே அவர் தயவுள்ளவர் என்று தெரியும். மாத்திரை எழுத ஐந்து நிமிடம் போதும். மாமனாரின் குடியையும் மகளின் படிப்புக் கடனையும் தன் தூக்கமின்மையையும் ஒருவர் ஒன்றோடொன்று கோத்துச் சொல்ல ஐந்து நிமிடம் போதாது.

ஆகவே நீங்கள் நிரப்ப வேண்டிய இடம் மருத்துவருக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிறது. நல்ல நிறுவனம் அரசு மருத்துவமனையோடு கைகோத்து வேலை செய்யும்: மாத்திரை அங்கே, பேச்சு இங்கே. ‘நாங்களே மருந்தும் தருகிறோம், தனி டாக்டர் வைத்திருக்கிறோம்’ என்று சின்ன நிறுவனம் பெருமையாகச் சொன்னால், ஏன் என்று கேளுங்கள். நியாயமான காரணம் இருக்கலாம். மருத்துவமனை நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். ஆனால் காரணம் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாம் படி: ஓர் அமர்வின் உண்மையான விலையைக் கணக்குப் போடுங்கள்

சென்னையில் தனியார் ஆலோசகர்கள் ஓர் அமர்வுக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டியும் அதற்கு மேலும் வாங்குவது வழக்கம். வீட்டுவேலை செய்யும் ஒருவருக்கு அது இரண்டு மூன்று நாள் வருமானம். அதை யாராவது கட்டிவிட்டால் போதும் என்றுதான் நாமும் முதலில் நினைப்போம். நிறுவனத்தின் கணக்கை உட்கார்ந்து போட்டுப் பார்த்தால் வேறு படம் தெரியும்.

பிறகு நாங்கள் துணைநின்ற ஒரு மையத்துக்காக நான் போட்ட மாதக் கணக்கு ஏறத்தாழ இப்படி இருந்தது. ஆலோசகர் சம்பளம் 25,000. மாதம் இரண்டு முறை வந்து, ஆலோசகர் கையாளும் சிக்கல்களைக் கேட்டு வழிகாட்டும் மூத்த உளவியலாளருக்கு 4,000. வாடகை, மின்சாரம் 6,000. தொலைபேசி 1,000. வருகிறவர்களின் பயணச் செலவு 3,500. மொத்தம் 39,500. நாளுக்கு நான்கு அமர்வு வீதம் 22 நாளுக்கு 88 அமர்வு என்று காகிதத்தில் வரும். வராமல் போகிறவர்கள், மழை, திருவிழா, ஊரில் சாவு எல்லாம் போக 65 நடந்தால் நல்ல மாதம். ஆக, ஓர் அமர்வுக்கு ஏறக்குறைய 610 ரூபாய். ஒருவர் ஆறு அமர்வு முடித்தால் சுமார் 3,650.

இந்தக் கணக்கில் கை வைக்க எல்லோருக்கும் ஆசை வரும். எங்களோடு இருந்த ஒரு நண்பர், ஓய்வுபெற்ற தணிக்கையாளர், ‘சம்பளத்தைப் பதினைந்தாயிரம் ஆக்கினால் அமர்வு 454 ரூபாய்க்கு வந்துவிடுகிறதே’ என்றார். கணக்கு சரி. வெளிர்பச்சை அறையில் செய்தித்தாள் கட்டு ஏறியதும் அதே கணக்கில்தான். பேச வருகிறவர் முதல் இரண்டு தடவை ஆளை எடைபோட்டுப் பார்க்கிறார். மூன்றாவது தடவைதான் உண்மையான விஷயத்தைத் தொடுகிறார். அதற்குள் ஆலோசகர் மாறிவிட்டால், முதலிலிருந்து எல்லாவற்றையும் இன்னொரு புது முகத்திடம் யார் சொல்வார்கள்? மலிவான அமர்வு வீணான அமர்வாகிவிடும்.

பயணச் செலவு என்ற 3,500-ஐயும் பலர் சந்தேகமாகப் பார்ப்பார்கள். ‘பெண்களுக்குத்தான் பஸ் இலவசமாயிற்றே’ என்பார்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது உண்மை. இந்த வேலைக்கு அது செய்த உதவி சின்னதல்ல. ஆனால் கூட்டி வருகிற கணவருக்கும் மகனுக்கும் டிக்கெட் உண்டு. புறநகர் பஸ்ஸுக்கு உண்டு. இரவு ஏழு மணிக்கு மேல் வீடு திரும்ப ஷேர் ஆட்டோ. கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டு வந்தவர், திரும்பும்போது அந்த வீட்டுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்டாவது வாங்கிப் போக வேண்டும். எங்கள் ஆலோசகர் இதைத் தனித் தலைப்பில் எழுதாமல் ‘வந்து போக’ என்று குறிப்பேட்டில் ஒரே வரியில் போட்டுவிடுவார். எனக்கு அந்தத் தலைப்பே போதும் என்று தோன்றியது.

உட்கார்ந்து பேசுகிறவர் பெரிய பட்டம் பெற்றவராகத்தான் இருக்க வேண்டுமா என்ற கேள்வியும் செலவோடு சேர்ந்ததே. கோவாவில் ‘சங்காத்’ என்ற அமைப்பும் டாக்டர் விக்ரம் படேலும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களுக்கு, மனநலப் படிப்பு எதுவும் இல்லாத உள்ளூர் ஆட்களைப் பயிற்றுவித்து ஆறு முதல் எட்டு அமர்வு வரை பேச வைத்தார்கள். 2017-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த முடிவின்படி, மூன்று மாதத்தில் மனச்சோர்விலிருந்து மீண்டவர்கள் இந்தக் குழுவில் 64 சதவீதம். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம். ஜிம்பாப்வேயில் டாக்டர் டிக்சன் சிபாண்டா 2006-இல் தொடங்கிய முயற்சியில், ஆஸ்பத்திரி வளாகத்து மரப்பெஞ்சில் உட்கார்ந்து பேசுவது பாட்டிமார்கள். இரண்டிலும் பொதுவானது, எளிய ஆட்கள் என்பது மட்டுமல்ல: வரையறுத்த பயிற்சியும் தொடர்ந்த மேற்பார்வையும் இருந்தன. நன்கொடையாளர்கள் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு, ‘அப்படியானால் ஒரு நாள் பயிற்சி கொடுத்துத் தெருவுக்கு ஒருவரை நியமிக்கலாமே’ என்று கிளம்புவதைப் பார்த்திருக்கிறேன். மேற்பார்வைக்கான 4,000-ஐ வெட்டுவது, காரில் பிரேக்கைக் கழற்றிப் பெட்ரோல் மிச்சம் பிடிப்பது மாதிரி.

நான்காம் படி: நிறுவனத்தைச் சோதியுங்கள், முதலில் காகிதத்தில், பிறகு கேள்வியில்

காகிதம் எளிது. நிறுவனத்தின் வருமானத்துக்கு வரிவிலக்கு தரும், வருமானவரித் துறையின் 12ஏபி பதிவு, நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி ஒப்புதல், தொண்டு நிறுவனங்களுக்கான நிதி ஆயோக்கின் ‘தர்ப்பண்’ தளத்தில் பதிவு, கடந்த மூன்று வருடத் தணிக்கை அறிக்கை. கேட்டால் ஒரு வாரத்துக்குள் மின்னஞ்சலில் வந்துவிட வேண்டும். தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லமாக இருந்தால், மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன்படி மாநில மனநல ஆணையத்திடம் பதிவு செய்திருக்க வேண்டும். இதில் சலுகையே காட்டாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்த ஓர் இல்லத்தில் தீப்பிடித்தபோது 28 பேர் இறந்தார்கள். தப்பி ஓட முடியாதபடி சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள். அப்படிப்பட்ட இடங்களுக்கும் நல்ல மனதோடு அரிசி மூட்டை அனுப்பியவர்கள் இருந்திருப்பார்கள்.

காகிதம் முடிந்தபின் நேரில் போய்க் கேளுங்கள். நான் கேட்கும் கேள்விகளில் முதன்மையானது இது: கடந்த ஆறு மாதத்தில் முதல் அமர்வுக்கு வந்தவர்களில் எத்தனை பேர் மூன்றாவது அமர்வுக்கும் வந்தார்கள்?

பெரும்பாலான நிறுவனங்கள் ‘இந்த ஆண்டு ஆயிரத்து இருநூறு பேருக்கு ஆலோசனை வழங்கினோம்’ என்று அச்சிட்டு வைத்திருக்கும். பள்ளியில் நடத்திய ஒரு மணி நேரக் கூட்டமும் அதில் சேர்ந்திருக்கும். மூன்றாவது முறை வந்தவர் எண்ணிக்கையைக் கையில் வைத்திருக்கிற இடம், தன் வேலையைத் தானே கவனிக்கிற இடம். எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. ஒருமுறை ஓர் ஒருங்கிணைப்பாளர், ‘நாற்பது பேரில் ஒன்பது பேர்தான் சார். ஏன் என்று கேட்டோம். நாங்கள் மையத்தைத் திறந்து வைத்திருப்பது பத்திலிருந்து ஐந்து மணி வரை. அவர்கள் வேலைக்குப் போகிற நேரமும் அதுதான்’ என்றார். அந்த வருடம் எங்கள் பணம் அங்கேதான் போனது. மாலை நான்கிலிருந்து எட்டு என்று அவர்கள் நேரத்தை மாற்றியதற்குப் புதிதாகச் செலவானது ஒரு காவலாளியின் பகுதிநேரக் கூலி மட்டும்.

மற்றக் கேள்விகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆலோசகர் என்ன படித்தவர், யாரிடம் மேற்பார்வை பெறுகிறார்? மருத்துவ உளவியலாளர் என்று போட்டுக்கொள்கிறவரிடம் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். வந்தவர் தற்கொலை எண்ணம் இருப்பதாகச் சொன்னால் அடுத்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்வார்கள், எந்த மருத்துவமனைக்கு, யார் கூடப் போவார்? இதற்குத் தயங்காமல் பதில் வர வேண்டும். சுற்றிவளைத்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். 2022-இல் நாட்டில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்தது. அவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் தினக்கூலித் தொழிலாளர். தமிழ்நாட்டில் மட்டும் மொத்தம் 19,834 தற்கொலைகள். ஏழைகளுக்கான ஆலோசனை மையத்தின் கதவைத் தட்டுகிறவர்களில் இந்த ஆபத்தில் இருப்பவர் நிச்சயம் இருப்பார். இன்னொன்று: பேச்சு வெளியே கேட்காத அறை இருக்கிறதா? ஏ.சி. வேண்டாம். கதவு வேண்டும்.

ஐந்தாம் படி: எப்படிக் கொடுப்பது

மாதாமாதம் கொடுங்கள். இருபத்து நான்காயிரத்தை ஒரே தடவையில் கொடுப்பதைவிட, மாதம் ஆயிரம் வீதம் இரண்டு வருடம் தருவதாக எழுதிக் கொடுத்தால் நிறுவனம் நம்பி ஒரு ஆளை வேலைக்கு வைக்கும். நாங்கள் நாற்பது வீட்டுக்காரர்கள் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் வங்கியில் நிலையான உத்தரவாகப் போட்டு வைத்தோம். மேலே சொன்ன 39,500 அதில் வந்துவிட்டது. விட்டுப் போகிறவர் மூன்று மாதம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்பது மட்டும்தான் எங்கள் விதி. அந்த ஒரு விதியை ஏற்க வைக்க இரண்டு கூட்டம் நடத்த வேண்டியிருந்தது.

சம்பளத்துக்கும் வாடகைக்கும் செலவழிக்கலாம் என்று தெளிவாகச் சொல்லிக் கொடுங்கள். ‘என் பணம் நேராகப் பயனாளிக்கே போக வேண்டும், நிர்வாகச் செலவுக்குப் போகக் கூடாது’ என்பது நம் ஊரில் நல்லெண்ணத்தின் அடையாளமாகிவிட்டது. அன்னதானத்துக்கு அது பொருந்தலாம். அங்கே பயனாளிக்குப் போவது அரிசி. இங்கே பயனாளிக்குப் போவது ஒருவரின் நேரம், அந்த நேரத்தின் பெயர்தான் சம்பளம்.

வரி விஷயம். 1961-ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தின் 80ஜி பிரிவில், ஒப்புதல் பெற்ற பெரும்பாலான தனியார் அறக்கட்டளைகளுக்குத் தரும் நன்கொடையில் பாதித் தொகை, ஒரு உச்சவரம்புக்கு உட்பட்டு, வருமானத்திலிருந்து கழியும். இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடையாது. புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவருக்கும் இந்தச் சலுகை இல்லை. சம்பளக்காரர்களில் பலர் இதைத் தெரியாமலேயே ரசீதைப் பத்திரப்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். வெறும் ரசீது போதாது, நிறுவனம் துறைக்குக் கணக்குக் காட்டி எடுத்துத் தரும் 10பிஇ சான்றிதழ் வேண்டும். 2026 ஏப்ரல் 1 முதல் பொருந்தும் புதிய வருமானவரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் வேறு, ஆகவே அந்தந்த ஆண்டு உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் தமிழர்கள் இங்கேதான் அதிகம் தடுமாறுகிறார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்ப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியில் அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர், இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், வெளிநாட்டவர் கணக்கில்தான் வருவார். அவர் தரும் பணத்தை வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் (எஃப்.சி.ஆர்.ஏ.) பதிவுள்ள நிறுவனம் மட்டுமே வாங்கலாம். அதுவும் முதலில் டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் திறந்த கணக்குக்குத்தான் போக வேண்டும். இந்தச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒரு நிறுவனம் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றிவிடவும் முடியாது. ‘பெரிய அமைப்புக்கு அனுப்புகிறேன், அவர்கள் அந்தச் சின்ன மையத்துக்குக் கொடுத்துவிடட்டும்’ என்ற வழி அடைபட்டுவிட்டது. ஊரில் இருக்கும் அண்ணன் கணக்குக்கு அனுப்பி, அண்ணன் பெயரில் கொடுக்கச் சொல்கிற வேலையும் வேண்டாம். சிக்கல் வந்தால் மாட்டுவது அந்த மையம்.

நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதி என்றால், கம்பெனிகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் உள்ள சுகாதாரம் என்ற தலைப்பின் கீழ் இதைக் காட்டலாம். பெறுகிற அமைப்பு, சமூகப் பொறுப்பு நிதி வாங்குவதற்கான சி.எஸ்.ஆர்.-1 பதிவு செய்திருக்க வேண்டும். இந்த நிதியைக் கையாள்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: மார்ச் மாதக் கடைசி வாரத்தில் வந்து ‘இந்த ஆண்டுக்குள் செலவழித்துவிடுங்கள்’ என்று கொடுக்காதீர்கள். நான்கு நாளில் செலவழிக்கக் கூடியது சோபாதான்.

ஆறாம் படி: கொடுத்த பிறகு எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது

புகைப்படம் கேட்காதீர்கள். கண்ணைக் கறுப்புப் பட்டையால் மறைத்த படமும் வேண்டாம், முதுகைக் காட்டும் படமும் வேண்டாம். ‘பெயரை மாற்றி ஒரு கதை எழுதி அனுப்புங்கள்’ என்றும் கேட்காதீர்கள். அந்தத் தெருவில் வாழ்கிறவருக்குக் கதையைப் படித்தாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23, 24 ஆகிய பிரிவுகள் மனநலச் சிகிச்சை பெறுகிறவரின் ரகசியத்தைக் காக்கின்றன. அவர் சம்மதம் இல்லாமல் படமோ தகவலோ ஊடகத்துக்குத் தரக் கூடாது. ஆனால் சம்மதம் என்பதே இங்கே நழுவுகிற சொல். இலவசமாக உதவி பெறுகிற ஒருவரிடம், உதவி செய்கிற மேடம் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு ‘ஒரு படம் எடுத்துக்கலாமா அக்கா?’ என்று கேட்டால், முடியாது என்று சொல்கிற அக்கா யார்?

நன்கொடையாளர்கள் பார்வையிட வருகிறோம் என்று ஓர் அமர்வின்போது அறைக்குள் எட்டிப் பார்த்த குழுவில் நானும் இருந்திருக்கிறேன். வெட்கத்தோடு சொல்கிறேன். உள்ளே பேசிக்கொண்டிருந்த பெண் சட்டென்று எழுந்து நின்று, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, எங்களுக்கு வணக்கம் வைத்தார். அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. மையம் இயங்காத நாளில், ஆலோசகரோடும் கணக்காளரோடும் உட்கார்ந்து தேநீர் குடித்துப் பேசிவிட்டு வருவதுதான் முறையான பார்வையிடல்.

கேட்க வேண்டியவை எண்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரே பக்கத்தில்: புதிதாக வந்தவர் எத்தனை பேர், மூன்றாவது அமர்வை எட்டியவர் எத்தனை பேர், அரசு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர் எத்தனை பேர், அவர்களில் உண்மையில் போய்ச் சேர்ந்தவர் எத்தனை பேர், நின்றுவிட்டவர்களுக்குத் தொலைபேசியில் பேசியபோது சொன்ன காரணங்கள் என்ன. கூடவே, ஆலோசகர் விடுப்பு எடுத்துக்கொண்டாரா என்றும் கேளுங்கள். நாள் முழுக்க நான்கு பேரின் துக்கத்தைக் கேட்கிறவர் ஆறு மாதமாக லீவே எடுக்கவில்லை என்றால் அது பாராட்ட வேண்டிய செய்தி இல்லை.

எண் குறையும்போது பணத்தைக் குறைக்காதீர்கள். பள்ளித் தேர்வு மாதங்களிலும் தீபாவளியை ஒட்டியும் எங்கள் மையத்தில் கூட்டம் பாதியாகும். முதல் வருடம் இதைப் பார்த்துப் பதறினோம். இரண்டாம் வருடம் ஆலோசகரே முன்கூட்டிச் சொல்லிவிட்டார்.

ஏழாம் படி: பணம் தவிர

இது சின்னப் படி, ஆனால் செலவில்லாதது. உங்கள் வீட்டிலோ கடையிலோ வேலை செய்கிறவர் செவ்வாய்க்கிழமை மாலை இரண்டு மணி நேரம் ‘ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்’ என்றால், என்ன நோய் என்று துருவாமல், சம்பளம் பிடிக்காமல் அனுப்புங்கள். இப்படி ஆறு செவ்வாய். எங்கள் நாற்பது வீடுகளில் இதற்கு ஒப்புக்கொண்டவர்கள் முப்பத்தொரு வீட்டார். ஆயிரம் ரூபாய் கொடுக்கச் சம்மதித்து இதற்குச் சம்மதிக்காத ஒன்பது வீட்டாரோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

காது கொடுக்க மனமிருந்தால், தற்கொலைத் தடுப்பு அமைப்புகள் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி தருகின்றன. பயிற்சி இல்லாமல் ஆறுதல் சொல்லக் கிளம்பாதீர்கள். ‘கோயிலுக்குப் போய்விட்டு வாருங்கள், எல்லாம் சரியாகிவிடும்’ என்று சொல்ல ஏற்கெனவே அவரைச் சுற்றிப் பத்துப் பேர் இருக்கிறார்கள்.

அந்த வெளிர்பச்சை அறை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அந்த நிறுவனம் அந்தப் பகுதியிலிருந்து விலகியபின் அறையை வேறொரு அமைப்பு வாடகைக்கு எடுத்தது. மேலே சொன்ன கணக்கெல்லாம் அவர்களோடு போட்டதுதான். சோபாவை விற்று ஆறு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கினார்கள். சோபாவில் இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் முகம் பார்க்க முடியவில்லையாம். பெயர்ப்பலகையை நாங்களே கழற்றச் சொன்னோம். வாசலில் நாலு ஆணி ஓட்டை மட்டும் இருக்கிறது. ஆலோசகரின் குறிப்பேட்டில் பெயர்கள் இல்லை, எண்கள்தான். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே கட்டங்கள். போன மாதம் நான் போனபோது மூன்றாவது கட்டத்தில் பதினேழு டிக் இருந்தது. முப்பத்து நான்காம் எண்ணுக்கு எதிரே மட்டும் டிக்குக்குப் பதிலாகப் பென்சிலில் ‘குழந்தையோடு வந்தார், மீண்டும் வியாழன்’ என்று எழுதியிருந்தது.